கறுப்புக் கட்டை தாண்டிய மெட்டு

அந்தத் தெருவில் எல்லோரும் அவளை ரீடுக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆர்மோனியம் பழுது பார்க்கும் கடைக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குப் பாட்டும் தெரியாது, சுருதியும் தெரியாது. அவளுடைய அப்பா கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர். பன்னிரண்டு வயதிலிருந்து அவருடைய மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மயிரைவிட மெல்லிய ஸ்பிரிங்குகளைச் சின்ன இடுக்கியால் எடுத்து எடுத்து வைத்த விரல்கள் அவளுடையவை. அந்த விரல்களைத்தான் அவள் சீதனமாகக் கொண்டுவந்தாள் என்று புருஷன் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவார்.

ஆர்மோனியத்துக்குள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பித்தளை ரீடு இருக்கிறது. அதன் நாக்கு காற்றில் அதிரும்போதுதான் சத்தம் பிறக்கிறது. நாக்கின் நுனியைத் தேய்த்தால் சுரம் ஏறும். அடியைத் தேய்த்தால் இறங்கும். ஒரு இழை கூடுதலாகத் தேய்த்துவிட்டால் ரீடைத் தூக்கிக் குப்பையில் போடவேண்டியதுதான். அவருக்குக் காது தங்கம், கை உலக்கை. கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை ரீடுகளை அவர் பாழாக்கினார் என்பதற்குக் கடையின் பின்பக்கத் தகர டப்பா சாட்சி. ஆகவே வேலை தானாகவே பிரிந்துகொண்டது. அவர் கேட்பார், அவள் தேய்ப்பாள்.

"ஏறணும். இன்னும் கொஞ்சம். இன்னும். போதும்... போதும்னு சொல்றேன்ல!"

"நிறுத்தி ரெண்டு நிமிஷம் ஆச்சு. உங்க காதுக்குத்தான் லேட்டா வந்து சேருது."

இருபத்தொரு வருஷம் இப்படியே போனது. குழந்தை இல்லை. அதைப் பற்றிக் கேட்பவர்களிடம், "வீட்ல ஏற்கெனவே முப்பது பெட்டி கத்திக்கிட்டு இருக்கு" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிடுவாள்.

வேலை முடிந்த பெட்டியை அவர் ஒரு மெட்டு வாசித்துத்தான் வெளியே அனுப்புவார். யாரும் போட்ட மெட்டு இல்லை அது, அவராகக் கட்டிக்கொண்டது. கீழிருந்து மும்மூன்று சுரமாக ஏறி, எல்லாக் கட்டைகளையும் ஒரு முறையாவது தொட்டு, வந்த வழியைச் சுற்றிக்கொண்டு இறங்கும். காற்று ஒழுகினாலும், கட்டை ஒட்டினாலும், ரீடு பிசிறினாலும் அதில் தெரிந்துவிடும். ஆனால் எல்லாக் கட்டை என்று அவர் சொல்வதுதான். நடுவில் ஒரு கறுப்புக் கட்டையை அவர் விரல் தொடவே தொடாது. சின்ன வயதில் அவர் கற்றுக்கொண்ட பழைய பெட்டியில் அந்தக் கட்டை உடைந்து கிடந்ததாம். அந்த இடம் வந்ததும் விரல் தானாக மேலே எழும், அந்தச் சுரத்துக்கு உண்டான நேரம் சும்மா நிற்கும், பிறகு அடுத்த கட்டையில் இறங்கும். சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்துவிட்டாள்.

"அந்தக் கட்டை மேல உங்களுக்கு என்ன கோவம்?"

"நான் எல்லாத்தையும்தான் வாசிச்சேன்."

"நீங்க வாசிச்சீங்களா? அது ஊமையா நிக்குது பாருங்க."

அந்த ஒரு ரீடை மட்டும் அவளே தனியாக அழுத்திப் பார்த்து, தேவையானால் தேய்த்து அனுப்புவாள். பெட்டியைத் துடைக்கும்போது அவள் முணுமுணுப்பதும் அதே மெட்டுதான். அவள் முணுமுணுக்கும்போது மட்டும் அந்த இடம் காலியாக இருக்காது.

நாட்டில் சண்டை தொடங்கிய வருஷம், பழுது பார்த்த ஒரு பெட்டியைச் சொந்தக்காரரிடம் கொடுக்கப் போன அவர் திரும்பி வரவில்லை. பாலத்துக்கு அந்தப்பக்கம் எதிரிப் பட்டாளத்துக்காரர்கள் அவரை லாரியில் ஏற்றிப் போனார்கள் என்று பேப்பர் போடுகிறவன் வந்து சொன்னான். பெட்டி நடைபாதையிலேயே கிடந்ததாம். அவள் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் துருத்தி கிழிந்திருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அதை ஒட்டி வைத்தாள். பத்து வாரம் கழித்து அவளுடைய தெருவையே சுற்றி வளைத்தார்கள். ஆண்களில் எஞ்சியவர்கள் ஒரு லாரியில், பெண்கள் இன்னொரு லாரியில்.

அவளைக் கொண்டுபோய் இறக்கிய இடம் ஒரு பழைய நூற்பாலை. இயந்திரங்களைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். தரையில் அவை நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் வரிசை வரிசையாக இருந்தது. நூற்று நாற்பது பெண்கள். காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை, மண் நிரப்பி அடுக்குவதற்கான சாக்குகளைத் தைக்கவேண்டும். கோணி ஊசி, சணல் நூல். முதல் மாதம் எல்லோருக்கும் விரல் பழுத்தது. அவளுக்கு மட்டும் பழுக்கவில்லை. அதனால் பக்கத்தில் இருந்தவர்களின் பங்கிலும் கொஞ்சம் தைத்துக் கொடுத்தாள். அப்படித்தான் அவளுக்குச் சிநேகிதம் சேர்ந்தது.

அவளுக்கு இடப்பக்கம் கணக்கு டீச்சர். பெரிய பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எதற்கும் காரணம் கேட்பவர். வலப்பக்கம் பட்டன் அக்கா. பட்டன் தொழிற்சாலையில் ஓட்டை போடும் மிஷினில் வேலை செய்தவள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள்.

ஆலையில் பேசலாம், பாடக்கூடாது. காவலர்களுக்கு இவர்களுடைய மொழி தெரியாது. பாட்டு சுவரைத் தாண்டிக் கேட்கும், அதில் என்ன சேதி போகிறதோ என்று பயம். பாடினால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. முதல் வாரமே இரண்டு பேருக்கு அப்படி ஆனது, அதற்கப்புறம் யாரும் பாட வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் ஊசியில் நூல் கோக்கும்போது, தன்னை அறியாமல் அவள் கடை மெட்டை முணுமுணுத்தாள். பெட்டியைத் துடைக்கிற பழக்கம். காவல்காரன் வந்து எதிரில் நின்றான். எப்போதும் மூக்கை உறிஞ்சுகிறவன். பெண்கள் அவனுக்குச் சளி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவன் காதைக் கிட்டே கொண்டுவந்து வைத்துக் கேட்டான். வார்த்தை ஒன்றும் இல்லை. இன்னொரு முறை பாடச் சொல்லிக் கையால் காட்டினான். அவள் பாடினாள். அதே. அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டான்.

"அப்போ வார்த்தை இல்லாம பாடலாம்னு அர்த்தமா?" என்றாள் பட்டன் அக்கா.

"தடை இல்லைன்னு அர்த்தம். பாடலாம்னு அர்த்தம் இல்ல," என்றார் டீச்சர்.

"ரெண்டுக்கும் என்ன டீச்சர் வித்தியாசம்?"

"உன் மத்தியான சாப்பாடுதான் வித்தியாசம்."

இருந்தும் அன்று மாலைக்குள் பட்டன் அக்கா மெட்டைப் பிடித்துவிட்டாள். ஒரு வாரத்தில் அந்த வரிசை முழுக்கப் பாடியது. ரீடுக்காரியின் குரல் அரத்தால் தேய்க்கிற மாதிரி இருக்கும். "மெட்டு நல்லா இருக்கு, நீ மட்டும் பாடாம சொல்லிக்குடு" என்று டீச்சரே கேட்டுக்கொண்டார். அவள் சாக்கின்மேல் விரலால் கட்டை வரைந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். நடுவில் அந்தக் கறுப்புக் கட்டையையும் சேர்த்து, முழுசாக.

பாட்டு வந்தபிறகு ஆலை வேறு இடமாகிவிட்டது என்று சொல்லமுடியாது. குளிர் அப்படியே இருந்தது, கூழ் அப்படியே இருந்தது. ஆனால் மெட்டை ஒருமுறை பாடி முடித்தால் சாக்கின் ஒரு பக்கம் தைத்து முடியும். மூன்று முறை பாடினால் ஒரு சாக்கு. "மணி என்ன இருக்கும்?" என்று கேட்டவர்கள், "சாப்பாட்டுக்கு இன்னும் பத்துப் பாட்டு" என்று சொல்லப் பழகினார்கள். பத்துப் பாட்டு என்பது தாங்கக்கூடியதாக இருந்தது. சாக்கு எண்ணிக்கை கூடியதால் சளியும் கண்டுகொள்ளவில்லை. புதிதாக வந்து, மூன்று நாள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒருத்தி, நாலாம் நாள் இறங்குகிற இடத்தில் சேர்ந்துகொண்டாள். ஏறுகிற இடம் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. அவள் இறங்குகிற இடத்துக்காகக் காத்திருந்து சேர்ந்துகொள்வாள்.

ரீடுக்காரிக்கு மட்டும் அந்த மெட்டில் இன்னொன்று இருந்தது. பாடப் பாட, அவர் இருக்கிறாரா இல்லையா என்ற கேள்வி அந்தக் கறுப்புக் கட்டையில் வந்து வந்து முட்டும். யாரிடம் கேட்பது? கடிதம் கிடையாது. ஆண்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே தெரியாது.

வெளியுலகத்தோடு ஆலைக்கு ஒரே தொடர்பு ஆஸ்பத்திரி. இரண்டு மணி நேர லாரிப் பயணத்தில், எல்லா முகாம்களுக்கும் பொதுவாக ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் தகரத் தடுப்பு. நோய் முற்றியவர்களை அங்கே அனுப்புவார்கள். பாதிப் பேர் திரும்பி வருவார்கள். அவர்கள் அங்கே படுத்துக்கொண்டு முனகுவதும் இந்த மெட்டைத்தான்.

இரண்டாம் வருஷம் நடுவில் பட்டன் அக்காவுக்கு மஞ்சள் காமாலை. ஐந்து வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது, வாய் மட்டும் அப்படியே.

"ரீடுக்காரி, உன் பாட்டு ஊரெல்லாம் சுத்துது தெரியுமா? தகரத்துக்கு அந்தப்பக்கம் ஆம்பளைங்க பாடறாங்க. கல்லு உடைக்கிற முகாமாம். ஆனா அவங்களுக்குச் சரியா வரல. நடுவுல விக்கல் எடுத்த மாதிரி நிறுத்தறானுங்க."

ரீடுக்காரியின் ஊசி நின்றது. "எங்க நிறுத்தறாங்க? பாடிக் காட்டு."

பட்டன் அக்கா பாடினாள். ஏறி வந்து, அந்த இடத்தில் ஒரு சுரத்தின் அளவு சும்மா இருந்து, அடுத்ததில் இறங்கினாள்.

"இன்னொரு தடவை."

மறுபடியும் அதே.

அவள் சாக்கைக் கீழே வைத்தாள். டீச்சர் அதைப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டின்போது ரீடுக்காரி விஷயத்தைச் சொன்னாள். கேட்ட டீச்சர் உடனே சந்தோஷப்பட்டுவிடவில்லை.

"நம்ம ஆளுங்க ஆஸ்பத்திரில பாடினதைக் கேட்டு, நடுவுல ஒண்ணை மறந்துட்டுப் பாடியிருக்கலாம் இல்லையா?"

"மறந்தா அந்த இடம் மூடிக்கும் டீச்சர். அடுத்த சுரம் பக்கத்துல வந்து ஒட்டிக்கும். இது நேரத்தை விட்டுட்டு நிக்குது. விரல் தூக்கினாத்தான் இப்படி நிக்கும். அது அவர்தான்."

டீச்சர் அந்த இடத்தை இரண்டு விதமாகவும் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு, "சரியாத்தான் இருக்கு," என்றார். கணக்கு டீச்சர் வாயிலிருந்து அது வந்தபிறகுதான் ரீடுக்காரி அழுதாள். பட்டன் அக்கா தன் கூழையும் அவள் கிண்ணத்தில் ஊற்றி, "குடி. நல்ல சேதி கொண்டுவந்ததுக்கு நீதான் எனக்குக் குடுக்கணும், நான் குடுக்கறேன் பாரு," என்றாள்.

அன்றும் மறுநாளும் அவள் காற்றில் நடந்தாள். மூன்றாம் நாள்தான் அந்த நினைப்பு வந்தது. சாக்கின் மூலையை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"டீச்சர், அவரைப் பிடிச்சப்போ நான் வீட்ல இருந்தேன். என்னையும் பிடிச்சுட்டாங்கன்னு அவருக்குத் தெரியாது."

"ஆமா."

"நான் கடையில பத்திரமா உக்காந்திருக்கேன்னுதானே நெனச்சுக்கிட்டிருப்பாரு? இப்போ நம்ம பொம்பளைங்க ஆஸ்பத்திரியில அந்த மெட்டை முழுசாப் பாடறாங்க. அந்தச் சுரத்தைப் போடறது உலகத்துலயே நான் ஒருத்திதான். ஆலையில இருந்து அது வருதுன்னா நான் இங்க இருக்கேன்னு அவருக்குப் புரிஞ்சிடும்."

"புரியட்டுமே. நீ உயிரோட இருக்கேன்னும் புரியும்ல?"

"உங்களுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தலைவலின்னா அவர் சாப்பிட மாட்டாரு. கல்லு உடைக்கிற மனுஷனுக்கு நான் கடையில இருக்கேங்கற நெனப்பு ஒண்ணுதான் தெம்பு. அதையும் நான் பிடுங்கணுமா?"

"ஏற்கெனவே கேட்டிருந்தார்னா?"

"கேட்டிருந்தா அவர் பாட்டுலயும் அந்தச் சுரத்தைச் சேர்த்திருப்பாரு. எனக்குப் பதில் சொல்றதுக்காகவாவது சேர்த்திருப்பாரு. சேர்க்கலையே. அப்போ கேக்கலன்னுதானே அர்த்தம்?"

டீச்சருக்கு அதில் ஏதோ இடித்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. "உன் புருஷன், உன் முடிவு," என்று விட்டுவிட்டார்.

மறுநாளிலிருந்து அவள் எல்லோருக்கும் தப்பைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். இருபத்தொரு வருஷம் எதைத் திருத்தச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாளோ அதையே. நூற்று நாற்பது பேருக்கு ஒரு சுரத்தை மறக்கவைப்பது சாக்குத் தைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. எல்லோரும் அந்த இடத்தில் நின்றால் யாராவது ஒருத்தி தனியாகக் கத்திவிடுவாள். பிறகு ஆலை முழுக்கச் சிரிப்பு.

"சரியா இருக்கறதை எதுக்குடி கெடுக்கறோம்?" என்றாள் பின்வரிசைக்காரி ஒருத்தி.

"அவ வீட்டுக்காரர் பயந்துடுவாராம்."

"என் வீட்டுக்காரர்னா ஒரு பாட்டு என்ன, நான் செத்துட்டேன்னே சொன்னாலும் 'சரி, சாப்பாடு என்ன'ம்பாரு."

இரண்டு வாரத்தில் எல்லோரும் நிற்கப் பழகினார்கள். அதன் பிறகு ஆலையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் யாரும் அந்தச் சுரத்தைக் கொண்டுபோகவில்லை. ரீடுக்காரிக்கு மனம் லேசானது. ஆஸ்பத்திரியிலிருந்து யார் வந்தாலும் கேட்பாள்: கல்லு முகாம்காரர்கள் பாடுகிறார்களா? பாடுகிறார்கள் என்பார்கள். நிறுத்தும் இடத்தில் நிறுத்துகிறார்களா? நிறுத்துகிறார்கள். அது போதும் அவளுக்கு. அடுத்த ஒன்பது மாதத்தை அவள் அதை வைத்துக்கொண்டே ஓட்டினாள். காய்ச்சல் வந்து பதினோரு பேர் செத்த மாதத்தில்கூட, காலையில் மெட்டை முதலில் எடுத்துக்கொடுத்தது அந்த அரக் குரல்தான்.

ஒரு நாள் காவலர்கள் யாரும் வரவில்லை. மத்தியானம் வரை தைத்துவிட்டு, டீச்சர்தான் எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தார். திறந்தே இருந்தது. சண்டை முடிந்துவிட்டது என்று வழியில் வந்த வண்டிக்காரர்கள் சொன்னார்கள்.

கடையின் கதவு இல்லை. உள்ளே இருந்த பெட்டிகளில் பாதியை விறகுக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அவள் தரையைக் கழுவினாள், கிடைத்த பலகைகளை அடித்துக் கதவாக்கினாள், பக்கத்து இரும்புக் கடைக்காரரிடம் ஒரு அரத்தைக் கேட்டு வாங்கி, எஞ்சிய பெட்டிகளைப் பிரித்துப் போட்டாள். கல்லு முகாமிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். அவர் வரும்போது என்னென்ன சொல்லவேண்டும் என்று தினமும் மனதுக்குள் அடுக்கினாள். உங்களுக்குத் தெரியாது, நானும் உள்ளேதான் இருந்தேன். ஆனால் உங்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகும் என்றுகூட நினைத்துப் பார்த்து வைத்திருந்தாள்.

ஐந்தாவது வாரம், வெயில் சாய்ந்த நேரம், எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தடியில் ஒரு மெலிந்த மனிதர் நின்று கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கைக்காரர் யாரோ என்று அவள் முதலில் நினைத்தாள். பிறகு ரீடும் அரமும் கையில் இருக்க எழுந்து வெளியே வந்தாள். அவர் தெருவைக் கடந்து வரவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஓடினாள். "என்னங்க! என்ன ஆச்சு? மயக்கமா?"

அவர் அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். காதை, தோளை, அரம் பிடித்திருந்த கையை. "நீ இருக்கியா," என்றார். கேள்வி மாதிரியும் இல்லை.

"இருக்கேன். இருக்காம எங்க போவேன்?"

"நீ போயிட்டேன்னு நெனச்சேன்."

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பிடிச்ச முதல் வருஷம் குளிர்காலத்துல, ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்தன் நம்ம மெட்டைப் பாடிக்கிட்டு வந்தான். நான்தான் எங்க முகாம்ல சொல்லிக்குடுத்திருந்தேன், கல்லு உடைக்கும்போது தாளத்துக்கு. ஆனா அவன் நடுவுல அந்தக் கட்டையையும் சேர்த்துப் பாடறான். எங்கடா கேட்டேன்னேன். ஆலையில இருந்து வந்த பொம்பளைங்க இப்படித்தான் பாடறாங்கன்னான். எனக்கு வேற யாரையும் கேக்கவேண்டியிருக்கல."

அவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும். நீயும் மாட்டிக்கிட்டேன்னு ரெண்டு நாள் சாப்பிடல. அப்புறம், இருக்கா, பாடறா, அந்த இழவு எடுத்த குரலை வெச்சுக்கிட்டு ஊருக்கே சொல்லிக்குடுத்திருக்கான்னு தெம்பு வந்துச்சு. யார் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தாலும் கேப்பேன், அந்தச் சுரம் இருக்கான்னு. இருக்குன்னுவாங்க."

"அப்போ நீங்க ஏன் அதைச் சேர்த்துக்கல? நீங்க சேர்த்திருந்தா..."

"நான் சேர்த்துட்டா, பாடறது நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அவர். "பசங்க கிண்டல் பண்ணாங்க. பொம்பளைங்க சரியாப் பாடறாங்க, நீ ஏன்யா தப்பா சொல்லிக்குடுக்கறேன்னு. தப்பாவே பாடுங்கடா, என் வீட்ல புரிஞ்சுக்குவாங்கன்னேன்."

அவள் தரையைப் பார்த்தாள். மீதியை அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. இருந்தும் சொன்னார்.

"எட்டு மாசத்துக்கு முந்தி ஒருத்தன் வந்தான். ஆலைப் பொம்பளைங்களும் இப்போ நம்ம மாதிரியே நிறுத்திப் பாடறாங்கன்னு சிரிச்சான். நம்பல. அடுத்து ரெண்டு பேர் வந்தாங்க. அவங்களும் அதையே சொன்னாங்க. அந்தச் சுரத்தைப் போடறவ இப்போ உயிரோட இல்ல, அதான் அது நின்னுபோச்சுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்," என்றாள் அவள். அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது. "நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்கன்னு நெனச்சேன். உக்காந்து உக்காந்து ஒவ்வொருத்தியா மாத்தினேன். டீச்சர் கேட்டாங்க, உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்தா என்னன்னு. நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி..."

அவர் காலி டம்ளரைத் தரையில் வைத்தார். வெளியே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் செயின் உரசும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

"அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"முதல் மாசம். அப்புறம் கண்ணுல தூசிதான் விழுந்துச்சு. கல்லு முகாம்ல." அவர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் பாடறதை விட்டுட்டேன். பசங்க விடல. என் எதிரிலேயே பாடிக்கிட்டிருந்தானுங்க. அந்த இடம் வரும்போதெல்லாம் கல்லைத் தூக்கி அவனுங்க மண்டையில போடலாம்னு இருக்கும். ஆனா ஒரு நாள் காலைல அவனுங்க ஆரம்பிக்க லேட் ஆயிடுச்சு. என்னால எழுந்திருக்கவே முடியல. ஆரம்பிச்சப்புறம்தான் எழுந்தேன். அப்புறம் எல்லா நாளும் அப்படித்தான். ஏன்னு கேக்காத, எனக்கே தெரியாது."

"இங்க எதுக்கு வந்தீங்க? நான் இல்லேன்னு நெனச்சுக்கிட்டு?"

"பின்பக்க டப்பாவுல நீ தேய்ச்சுக் கெடுத்த ரீடும் நாலைஞ்சு இருக்கும், எடுத்துக்கிட்டுப் போலாம்னு வந்தேன். எங்க போறதுன்னு யோசிக்கல."

டப்பாவைத் திருடர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். இருந்த மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினாள். ஆலையில் குடித்த அதே கூழ். வேறொன்றும் வீட்டில் இல்லை. கிண்ணத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எட்டு மாசம்," என்றாள். "என்னாலதான்."

"உன்னாலதான்."

"இனிமே உங்க விஷயத்துல நானா எதையும் முடிவு பண்ணமாட்டேன்."

அவர் கூழை ஊதி ஒரு வாய் குடித்தார். சூடு பொறுக்காமல் முகத்தைச் சுளித்தார்.

"பண்ணுவே. எனக்குத் தெரியாதா உன்னை?" என்றார். "பண்ணு. ஆனா சொல்லிட்டுப் பண்ணு."